லேப்டாப் சாக்கெட்டுக்குள்ள சார்ஜர் முனை உடைஞ்சு நின்னுட்டா என்ன பண்றது?

(எபிசோடின் எழுத்து வடிவம். நடுவுல வந்த இருமல், "ஆங்", குக்கர் விசில் எல்லாம் நீக்கியிருக்கேன். பேச்சு நடையை ரொம்ப மாத்தலை.)

வழக்கமா இங்க சாஃப்ட்வேர் கதைதான் பேசுவோம். இன்னைக்கு ஒரு மாறுதலுக்கு, ஸ்க்ரூடிரைவர் கதை. போன மாசம் எங்க வீட்டுல நடந்தது. குற்றவாளி நான்தான்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொரு மணி இருக்கும். தங்கச்சி காலேஜ்ல இருந்து ரெண்டு நாள் லீவுக்கு வேளச்சேரி வீட்டுக்கு வந்திருந்தா. கட்டில்ல உட்கார்ந்து ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிப்போர்ட் அடிச்சுக்கிட்டு இருந்தா. சார்ஜர் ஒயர் கட்டில்ல இருந்து எதிர்ச் சுவர் வரைக்கும், துணி காயப்போடுற கொடி மாதிரி குறுக்கே போகுது. நான் தண்ணி குடிக்கப் போறேன்னு இருட்டுல எழுந்து நடந்தேன். கால் மாட்டுச்சு. லேப்டாப்பை அவ எட்டிப் பிடிச்சுட்டா. ஆனா என் காலோட வந்த ஒயரோட நுனியைப் பார்த்தா, முனையைக் காணோம். பிளாஸ்டிக் கழுத்து மட்டும் மொட்டையா இருக்கு. முனை உடைஞ்சு லேப்டாப் சாக்கெட்டுக்குள்ளயே நின்னுடுச்சு.

"அண்ணா, திங்கக்கிழமை காலைல ரிவ்யூ. பேட்டரி 41 சதவீதம்." அவ்வளவுதான் சொன்னா. திட்டியிருந்தா கூட பரவாயில்லைன்னு தோணுச்சு.

என் முதல் யோசனை என்ன தெரியுமா? ஊசி எடுத்துட்டு வந்து நோண்டலாம்னு. நாலு வருஷம் ஈசிஈ படிச்சவன் நான். அவ சொன்னா, "முதல்ல சுவிட்சை ஆஃப் பண்ணு." அடாப்டர் இன்னும் சுவர்ல ஓடிக்கிட்டு இருந்துச்சு. பழைய உருளை முனை சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான்: லேப்டாப்ல செருகியிருக்கோ இல்லையோ, நுனியில 19 வோல்ட் எப்பவும் இருக்கும். அந்த வோல்டேஜ்ல நமக்கு ஷாக் அடிக்காது. ஆனா பிய்ஞ்சு தொங்குற ரெண்டு உலோக முனைகள் ஒண்ணோட ஒண்ணு பட்டா தீப்பொறி வரும், அடாப்டர் போகும். அதனால சுவர் பிளக்கைப் பிடுங்குறதுதான் முதல் வேலை.

முனையை மறங்க, டேட்டாவைப் பாருங்க

ரெண்டாவது வேலையும் அந்த முனையை எடுக்கிறது இல்லை. இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன், ஏன்னா எல்லாரும் இங்கதான் தப்பு பண்றோம். லேப்டாப் அப்போ நல்லா ஓடிக்கிட்டு இருக்கு. பேட்டரில மீதி இருக்கிறதுதான் நம்ம கைல இருக்கிற மொத்த நேரம். அவளோட பேட்டரி 41 வாட்-அவர். அதுல 41 சதவீதம்னா கிட்டத்தட்ட 17 வாட்-அவர். வெளிச்சத்தைக் குறைச்சு, பிரவுசரை மூடி, சும்மா ஃபைல் காப்பி பண்ணினா ஏழு எட்டு வாட் இழுக்கும். ஆக ரெண்டு மணி நேரம். அதுக்குள்ள ரிப்போர்ட், கோடு, டேட்டாசெட், பிபிடி எல்லாம் ஒரு பென்டிரைவ்ல ஒரு காப்பி, கூகுள் டிரைவ்ல ஒரு காப்பி. இருபது நிமிஷத்துல முடிஞ்சது. முடிஞ்சதும் அவ முகத்துலயும் கொஞ்சம் ரத்தம் வந்துச்சு. ரிவ்யூவுக்கு என் லேப்டாப்பை எடுத்துட்டுப் போகலாம்ங்கிற வழி இப்போ திறந்திருக்கு. ஆனா அவளோட மென்பொருள் லைசென்ஸ் அந்த மெஷின்ல மட்டும்தான் இருக்கு, டெமோ காட்டணும்னா அதுதான் வேணும். அதனால பிரச்சினை தீரலை, அவசரம் மட்டும் குறைஞ்சது.

இந்த இடத்துல இன்னொண்ணும் பார்த்தோம். அவ லேப்டாப்ல ஒரு யூஎஸ்பி-சி ஓட்டை இருக்கு. என் ஆபீஸ் லேப்டாப்போட 65 வாட் டைப்-சி சார்ஜரைச் செருகிப் பார்த்தேன். ஒண்ணும் நடக்கலை. அதாவது அந்த ஓட்டை டேட்டாவுக்கு மட்டும். நீங்களும் முயற்சி பண்ணலாம், ஆபத்து இல்லை. ஒழுங்கான டைப்-சி சார்ஜர் முதல்ல எதிர்ப்பக்கம் யாராவது இருக்காங்களான்னு பார்க்கும், அப்புறம் 5 வோல்ட் தரும், ரெண்டு பக்கமும் பேசி ஒத்துக்கிட்டாதான் 20 வோல்ட்டுக்குப் போகும். ஓட்டை பக்கத்துல பேட்டரி படமோ பிளக் படமோ இருந்தா சார்ஜ் ஏறும்னு அர்த்தம். மின்னல் படம் இருந்தா அவசரப்பட்டு சந்தோஷப்படாதீங்க, அது தண்டர்போல்ட்டோட அடையாளமாவும் இருக்கலாம். தண்டர்போல்ட்ல பெரும்பாலும் சார்ஜும் ஏறும், அது வேற விஷயம்.

உள்ள என்னதான் மாட்டியிருக்கு?

சரி, இப்போ முனைக்கு வருவோம். அது பார்க்க ஒரே உலோகக் குழாய் மாதிரி இருக்கும், ஆனா ஒரே துண்டு இல்லை. அவளோட சார்ஜர்ல 4.5 மி.மீ. குழாய். வெளிப்புறச் சுவர் நெகட்டிவ். உள்பக்கச் சுவர் பாசிட்டிவ், அதுல 19.5 வோல்ட். ரெண்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் அடுக்கு. குழாயோட நட்ட நடுவுல, ஊசி மாதிரி ஒரு பின். இந்தப் பின்ல பவர் வராது. "நான் இத்தனை வாட் அடாப்டர்"னு லேப்டாப்புக்குச் சொல்ற ஒயர் அது. டெல், ஹெச்பி லேப்டாப்கள்ல பெரும்பாலும் இந்த மாதிரி நடுப்பின் இருக்கும். ஏசர், ஏசஸ் மாதிரி பல லேப்டாப்கள்ல இது தலைகீழ்: பின் சாக்கெட் பக்கம் நிக்கும், சார்ஜர் முனை வெறும் குழாய்தான்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்னா, உங்களுக்கு உள்ள நிக்கிறது என்னங்கிறது இதைப் பொறுத்தது. குழாய் மொத்தமா நிக்குதா, வெளித் தோல் மட்டுமா, பின் மட்டுமா? ஃபோன் டார்ச்சை ஒரு பக்கம் பிடிச்சு, இன்னொரு ஃபோன் கேமராவை ஜூம் பண்ணிப் பாருங்க. கண்ணால பார்க்கிறதை விட நல்லாத் தெரியும். உடைஞ்ச ஒயர் நுனியையும் பக்கத்துல வெச்சு, இங்க இல்லாதது எல்லாம் அங்க இருக்குன்னு கணக்கு வைங்க.

அடுத்தது, அதை உள்ள எது பிடிச்சு வெச்சிருக்கு? சாக்கெட்டுக்குள்ள இலை மாதிரி ஒரு ஸ்பிரிங் தகடு இருக்கும். சார்ஜர் செருகும்போது "டக்"னு ஒரு பிடி கிடைக்குது பாருங்க, அது அந்தத் தகடு குழாயை அமுக்குறதால வர்றது. முனை உடைஞ்சாலும் தகடு தன் வேலையை விடாம அமுக்கிக்கிட்டே இருக்கு. முழு சார்ஜரா இருந்தா பிளாஸ்டிக் கழுத்தைப் பிடிச்சு இழுப்போம். இப்போ இழுக்கப் பிடி இல்லை. பிரச்சினை மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

முனை ஒரு மில்லிமீட்டராவது வெளியில நீட்டிக்கிட்டு இருந்தா நீங்க அதிர்ஷ்டசாலி. லேப்டாப்பை ஷட்டவுன் பண்ணிட்டு (ஸ்லீப் இல்லை, ஷட்டவுன்), பேட்டரி கழட்டுற மாதிரி இருந்தா கழட்டிட்டு, கூர்மையான ட்வீசரால பிடிச்சு, லேசா திருகிக்கிட்டே நேரா வெளிய இழுங்க. உருளை முனையைத் திருகலாம். சதுர முனையையோ டைப்-சி முனையையோ திருகவே கூடாது. உள்ள காலியா இருக்கிற துண்டா இருந்தா, மூங்கில் பல்குச்சியை அழுத்திச் செருகி, இறுக்கமா மாட்டினதும் நேரா இழுத்துப் பார்க்கலாம். மரம் கரண்ட் கடத்தாது, ஊசியை விட நூறு மடங்கு மேல்.

எங்க கேஸ்ல ரெண்டும் வேலைக்கு ஆகலை. முனை சாக்கெட் வாயோட சமமா உடைஞ்சிருந்துச்சு. ட்வீசர் வெச்சேன், பிடி வழுக்கி, துண்டு அரை மி.மீ. உள்ள போயிடுச்சு. ட்வீசர் நுனி ரெண்டும் குழாயோட விளிம்பைப் பிடிக்க அதைச் சுத்தி இடைவெளி வேணும், சாக்கெட்டுக்குள்ள அந்த இடைவெளி கிடையாது. இடம் இல்லாத இடத்துல அமுக்கினா உள்ளதான் போகும். இது எனக்கு மூணாவது தடவை தோத்த பிறகு புரிஞ்சது.

அப்புறம் ராத்திரி ஒரு மணிக்கு வர்ற யோசனை: சூப்பர் க்ளூ. குச்சி நுனியில ஒரு சொட்டு, உடைஞ்ச முனை மேல ஒட்டு, காயவிடு, இழு. நிறைய பேர் சொல்ற வழி இது. செய்யறதுக்கு முன்னாடி, வீட்டுல கிடந்த செத்துப்போன ரவுட்டரையும் அதோட அடாப்டரையும் எடுத்து, முனையை வெட்டி உள்ள விட்டு ஒத்திகை பார்த்தேன். குச்சி ஒட்டுச்சு. இழுத்தேன். குச்சி மட்டும் வந்துச்சு. முனை சாக்கெட்டோட சேர்ந்து ஒரே கல்லாயிடுச்சு. காரணம் சின்ன விஷயம்தான்: அந்தப் பசை தண்ணி மாதிரி மெல்லிசு. முனைக்கும் சாக்கெட் சுவருக்கும் நடுவுல இருக்கிற முடி இடைவெளி அதை விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி உள்ள இழுத்துக்கும். நீங்க ஒட்ட நினைச்சது குச்சியை, ஒட்டினது சாக்கெட்டை. யாருக்காவது அது வேலை செஞ்சிருக்கலாம். நான் சிபாரிசு பண்ண மாட்டேன். அந்த ரவுட்டர் இன்னும் என் மேஜை மேல இருக்கு.

இன்னொண்ணு, "வேற சார்ஜரை அழுத்திச் செருகினா துண்டு இன்னும் உள்ள போயிடும், சார்ஜ் ஏறிடும்"னு ஒரு நண்பர் ஃபோன்ல சொன்னார். தயவுசெஞ்சு வேண்டாம். உள்ள பிய்ஞ்ச உலோக விளிம்பு இருக்கு. அது நெகட்டிவையும் பாசிட்டிவையும் சேர்த்துட்டா அடாப்டர் தன்னைத் தானே அணைச்சுக்கும், அது பரவாயில்லை. ஆனா 19 வோல்ட்டையும் நடுப்பின்னையும் சேர்த்துட்டா, சின்ன சிக்னலை எதிர்பார்த்துக்கிட்டு இருக்கிற சிப்புக்கு நேரா 19 வோல்ட் போகும். முன்னூறு ரூபாய் பிரச்சினை அங்கதான் போர்டு பிரச்சினையா மாறுது.

கடையில சொன்னது

சனிக்கிழமை காலைல பக்கத்துல ஒரு சர்வீஸ் கடைக்குப் போனோம். கடை பேர் வேண்டாம். கவுன்டர்ல இருந்தவர் டார்ச் கூட அடிக்கலை. "போர்டு எடுக்கணும் சார். சாக்கெட் போர்டுலதான் இருக்கும். ஆறாயிரத்து ஐநூறு. புதன்கிழமை வாங்க." தங்கச்சி என்னைப் பார்த்தா. நான் கேட்டேன், "அண்ணே, இந்த மாடல்ல சாக்கெட் போர்டுல சால்டர் பண்ணியிருக்கா, ஒயரோட தனியா வருதா?" அவர் கொஞ்சம் யோசிச்சு, "பிரிச்சாதான் தெரியும்"னார். பிரிச்சாதான் தெரியும்னா, பிரிக்காம ஆறாயிரத்து ஐநூறு எப்படித் தெரிஞ்சது?

அவரைத் திட்டுறதுக்காக இதைச் சொல்லலை. இந்த ஒரு கேள்விதான் மொத்த செலவையும் தீர்மானிக்குது, அதனால சொல்றேன். லேப்டாப் சாக்கெட் ரெண்டு வகை. ஒண்ணு, மதர்போர்டுலயே சால்டர் பண்ணினது. இன்னொண்ணு, சாக்கெட் ஒரு சின்ன ஒயர் கட்டோட நுனியில இருக்கும், மறு நுனி போர்டுல ஒரு கனெக்டர்ல செருகியிருக்கும். கடைக்காரர்கள் இதை "டிசி ஜாக் கேபிள்"னு சொல்வாங்க. ரெண்டாவது வகைன்னா அது பிளக்கைக் கழட்டி மாட்டுற வேலை. உங்க லேப்டாப்போட மாடல் நம்பரோட "டிசி ஜாக்"னு தேடினா, விற்பனைக்கு வர்ற படத்துலயே ஒயர் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும். அல்லது கம்பெனி வெளியிடுற சர்வீஸ் மேனுவல்ல பாருங்க. எங்களுக்கு படத்துல ஒயர் இருந்துச்சு.

வாரன்ட்டி இருந்தா? வழக்கமான வாரன்ட்டில இந்த மாதிரி உடைப்பு சேராது, கால் தடுக்கினது உற்பத்திக் குறை இல்லையே. ஆனா விபத்துக்கும் சேர்த்து தனியா பணம் கட்டியிருந்தீங்கன்னா, ஸ்க்ரூடிரைவரைத் தொடாம நேரா அங்க போங்க. எங்களோடது ரெண்டுமே முடிஞ்சு போன கேஸ்.

பிரிக்கிறோம்

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையைத் துடைச்சு, வெள்ளைத் துணி விரிச்சோம். வெள்ளைத் துணி எதுக்குன்னா, ஸ்க்ரூ விழுந்தா தெரியறதுக்கும் உருளாம இருக்கறதுக்கும். ஒரு பேப்பர்ல லேப்டாப்போட அடிப்பக்கத்தை வரைஞ்சு, எந்த இடத்துல எந்த ஸ்க்ரூ வந்துச்சோ அங்கயே செல்லோடேப் போட்டு ஒட்டினா. இது அவளோட ஐடியா. ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. குட்டையான ஓட்டைல நீளமான ஸ்க்ரூவை முறுக்கினா, அது கீபோர்டு பக்கம் முட்டிக்கிட்டு வரும். எல்லா ஸ்க்ரூவும் எடுத்தும் மூடி வரலைன்னா இழுக்காதீங்க. அடியில இருக்கிற ரப்பர் பட்டைக்குக் கீழ இன்னும் ரெண்டு ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும். எங்களுக்கு இருந்துச்சு. அப்புறம் பழைய ஏடிஎம் கார்டை விளிம்புல விட்டு ஓட்டினா, "டிக் டிக்"னு ஒவ்வொரு கிளிப்பா விடும். முதல் சத்தத்துக்கு உடைஞ்சுடுச்சுன்னு ரெண்டு பேரும் பயந்தோம். உடையலை.

மூடி வந்ததும் முதல்ல பேட்டரி கனெக்டர். ஒயரைப் பிடிச்சு இழுக்கக் கூடாது, கனெக்டர் உடம்பை நகத்தால ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தித் தள்ளணும். கழட்டின பிறகு பவர் பட்டனை ஒரு இருபது செகண்ட் அழுத்திப் பிடிங்க, போர்டுல மிச்சம் இருக்கிற சார்ஜ் இறங்கிடும். இதுக்கு அப்புறம்தான் உலோகக் கருவி எதையும் சாக்கெட் பக்கம் கொண்டு போகணும். இந்த வரிசையை மாத்தாதீங்க. பேட்டரி மட்டும் ஊசியால குத்தவோ வளைக்கவோ கூடாத பொருள்.

சாக்கெட்டை ஒரே ஒரு ஸ்க்ரூதான் பிடிச்சிருந்துச்சு. ஒயரைப் போர்டு கனெக்டர்ல இருந்து எடுத்ததும், மொத்த சாக்கெட்டும் கைக்கு வந்துடுச்சு. ராத்திரி பூரா இருட்டுக் குகைக்குள்ள பார்த்துக்கிட்டு இருந்தது இப்போ உள்ளங்கைல, சுண்டுவிரல் நக அளவு. பக்கவாட்டுல அந்த ஸ்பிரிங் தகடு வெளியவே தெரியுது. தங்கச்சி தையல் ஊசியால தகட்டை ஒரு மயிரிழை தூக்கிப் பிடிச்சா. நான் ட்வீசரைத் தலைகீழாப் பிடிச்சு, விளிம்பை நெம்பினேன். குழாய் அப்படியே வழுக்கிக்கிட்டு மேஜை மேல விழுந்துச்சு. முந்தின ராத்திரி மூணு மணி நேரம், இங்க பத்து செகண்ட்.

ரெண்டு பேரும் கத்தினோம். அம்மா அடுப்படியில இருந்து "என்னடா உடைஞ்சது?"ன்னாங்க.

அப்புறம் கணக்குப் பார்த்தோம். ஆபரேஷன் முடிஞ்சதும் டாக்டர் பஞ்சை எண்ணுற மாதிரி. வெளிக் குழாய் இருக்கு. பிளாஸ்டிக் அடுக்கு இருக்கு. உள் குழாய் இருக்கு. பின் இல்லை. திரும்ப சாக்கெட்டைப் பார்த்தா, நடு ஓட்டைக்குள்ள ஆழத்துல ஒரு மினுமினுப்பு. பின் தனியா உடைஞ்சு அங்க நிக்குது.

இந்தக் கட்டத்துல "குழாய் வந்துடுச்சே, போதும்"னு மூடியிருந்தா என்ன ஆகியிருக்கும்? புது சார்ஜரோட பின் போய் பழைய பின் மேல முட்டி வளைஞ்சிருக்கும். புது அடாப்டரும் போச்சு. எடுத்த துண்டுகளை உடைஞ்ச ஒயரோட சேர்த்து வெச்சு எண்ணுங்கன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றது இதுக்குத்தான்.

பின்னை எடுக்க முயற்சி பண்ணலை. ரெண்டு காரணம். ஒண்ணு, நடு ஓட்டை அவ்வளவு சின்னது. ரெண்டு, சாக்கெட் ஏற்கனவே கைக்கு வந்துடுச்சு, புதுசு மலிவு. உடைஞ்ச வேகத்துல அந்த ஸ்பிரிங் தகடும் கொஞ்சம் வளைஞ்சிருந்துச்சு. தகடு தளர்ந்தா தொடுற இடத்துல ரெசிஸ்டன்ஸ் ஏறும். 65 வாட் அடாப்டர்ல ஓடுறது 3.33 ஆம்பியர். அதை வர்க்கப்படுத்தினா 11. தொடுற இடத்துல அரை ஓம் வந்தாலே அஞ்சரை வாட் சூடு, ஒரு அரிசி அளவு இடத்துல. சாக்கெட் பக்கம் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகின லேப்டாப்களைப் பார்த்திருப்பீங்க, காரணம் பெரும்பாலும் இதுதான். அதனால என் கருத்து: சாக்கெட் ஒயரோட தனியா வர்ற வகைன்னா, முனையை எடுக்கிறதுல நேரத்தை வீணடிக்காம சாக்கெட்டையே மாத்திடுங்க. நாங்க எடுத்தது, உண்மையைச் சொன்னா, ஆர்வக்கோளாறு.

ரிச்சி ஸ்ட்ரீட்

ஞாயித்துக்கிழமை அங்க பெரும்பாலும் கடை இருக்காது, அதனால சனிக்கிழமை மத்தியானமே ஓடினோம். பழைய சாக்கெட்டை ஒயரோட கைல எடுத்துட்டுப் போனோம். இது முக்கியம். ஒரே மாதிரி தெரியும், ஆனா ஒயர் நீளம் வேற, மறு நுனி கனெக்டர்ல கால் எண்ணிக்கை வேற, ஸ்க்ரூ காது வேற பக்கம்னு பத்து வகை இருக்கு. மூணாவது கடையில பொருந்துச்சு. 350 ரூபாய். தங்கச்சி 300-க்குப் பேசி முடிச்சா.

அடாப்டர்தான் பாடு. ஒரு கடையில 700 ரூபாய்க்கு ஒண்ணு காட்டினாங்க. முனை அதே அளவு, 19.5 வோல்ட், லேபிள்ல 65 வாட். லேப்டாப்பையும் தூக்கிட்டுப் போயிருந்ததால அங்கயே சாக்கெட்டை மாட்டி, செருகிப் பார்த்தோம். லேப்டாப் ஆன் ஆச்சு, பேட்டரி ஏறலை. அந்த நடுப்பின் கதைதான். சில அடாப்டர்கள்ல பின் இருக்கும், ஆனா அதுக்குப் பின்னால பேச ஆள் இருக்காது. டெல் அடாப்டர்கள்ல இதுக்குன்னே ஒரு குட்டி சிப் இருக்கு. அது பதில் சொல்லலைன்னா, அடாப்டர் வகையைக் கண்டுபிடிக்க முடியலைன்னு திரையில செய்தி வரும், பேட்டரி ஏறாது, பிராசஸர் வேகமும் குறையும். வேற சில கம்பெனிகளும் இதே மாதிரி ஒரு வழி வெச்சிருக்காங்க. கடைக்காரர் நல்ல மனுஷர், மறுபேச்சு இல்லாம திருப்பி வாங்கிக்கிட்டார். கடைசியில 1,600 ரூபாய்க்கு வாங்கின அடாப்டர்ல ஏறுச்சு. லேப்டாப்பை எடுத்துட்டுப் போய், பேட்டரி ஏறுதான்னு கண்ணால பார்த்துட்டு காசு கொடுங்க.

மொத்தம் 1,900 ரூபாய், மெட்ரோ டிக்கெட், ரெண்டு லஸ்ஸி. எல்லாம் என் கணக்கு, நியாயம்தானே.

சால்டர் பண்ணின வகையா இருந்தா என்ன பண்ணியிருப்பேன்? கடைக்குத்தான் போயிருப்பேன். வீட்டுல இருக்கிற 25 வாட் சால்டரிங் அயர்ன் அங்க உதவாது. சாக்கெட்டோட நெகட்டிவ் கால், போர்டுக்குள்ள பரந்து கிடக்கிற செம்புத் தளத்தோட சேர்ந்திருக்கும். நீங்க கொடுக்கிற சூட்டை அந்தத் தளம் மொத்தமா உறிஞ்சிடும், ஈயம் உருகாது. பொறுமை போய் நெம்பினா, போர்டுல இருக்கிற செம்பு வளையமும் சேர்ந்து பிய்ஞ்சு வரும். அதை ஒட்டவைக்கிறது வேற லெவல் வேலை. நல்ல டெக்னீஷியனுக்கு ஹாட் ஏர் இருக்கும், அடியில இருந்து சூடு கொடுக்கிற தட்டு இருக்கும். அவர்கிட்ட மூணு விஷயம் பேசிக்கோங்க: சாக்கெட் மட்டும் மாத்த எவ்வளவு, எனக்கு முன்னாடி பிரிச்சுப் பார்க்க முடியுமா, பழைய சாக்கெட்டைத் திருப்பித் தருவீங்களா. மூணாவது கேள்விக்கு முகம் சுளிச்சா வேற கடை பாருங்க.

ஏன் உடைஞ்சது

என் காலைத் தவிர? நெம்புகோல். முனை நேரா வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. ஒயர் தொடங்குற இடம் சாக்கெட்டுல இருந்து 3 செ.மீ. தள்ளி. குழாயோட குறுக்களவு 4.5 மி.மீ. பக்கவாட்டுல 5 கிலோ விசை இழுத்தா, குழாய் அடிவாரத்துல அது 30 கிலோவுக்கு மேல ஆகுது. மெல்லிசான தகட்டுக் குழாய் என்ன பண்ணும்? "எல்" மாதிரி வளைஞ்ச முனை இருக்கிற சார்ஜர் கிடைச்சா அதை வாங்குங்க, நீட்டல் பாதியாக் குறையும்.

ஆப்பிள் 2006-ல மேக்புக் புரோவுல மேக்சேஃப் கொண்டு வந்தாங்களே, காந்தத்துல ஒட்டுற முனை, அது இந்தக் கால் தடுக்குற பிரச்சினைக்குத்தான். தடுக்கினா ஒயர் மட்டும் கழண்டு விழும். இது முதல்லயே ஜப்பான்ல சமையலறைச் சாமான்கள்ல இருந்தது, கொதிக்கிற எண்ணெய் சட்டியை யாரும் ஒயரோட இழுத்துடக் கூடாதுன்னு. நடுவுல ஆப்பிள் அதை விட்டுட்டு டைப்-சிக்குப் போய், 2021-ல திரும்பக் கொண்டு வந்துட்டாங்க.

டைப்-சி வந்தா இந்தத் தொல்லை போயிடுமான்னு கேட்டா, பாதி போகும். ஐரோப்பிய யூனியன்ல 2026 ஏப்ரல் 28 முதல் புதுசா விக்கிற லேப்டாப்களும் டைப்-சில சார்ஜ் ஆகணும்னு சட்டம். நுனியில எப்பவும் 19 வோல்ட் நிக்கிற ஆபத்து அதுல இல்லை. ஆனா ஓட்டைக்கு நடுவுல நாக்கு மாதிரி ஒரு மெல்லிசான தகடு இருக்கு பாருங்க, 24 தொடுமுனைகள் அதுலதான். டைப்-சில முனை உள்ள உடைஞ்சு நின்னா, அதை நோண்டும்போது இந்த நாக்கு போறதுக்கு வாய்ப்பு அதிகம். அதனால அங்க பல்குச்சி, ஊசி எதையும் விட மாட்டேன்.

திங்கக்கிழமை மத்தியானம் தங்கச்சி மெசேஜ் பண்ணினா. டெமோ ஓடுச்சாம். கைடு ரெண்டு டயக்ராம் மாத்தச் சொன்னாராம். கூடவே ஒரு ஃபோட்டோ: ஹாஸ்டல் ரூம், சார்ஜர் ஒயர் சுவர் ஓரமா, கட்டில் காலைச் சுத்தி, நடமாடுற வழியைத் தொடாம போகுது. கீழ எழுதியிருந்தா, "நீ இங்க வந்தாலும் பிரச்சினை இல்லை."

அடுத்த எபிசோட்ல பழையபடி சாஃப்ட்வேர்தான், டேட்டாபேஸ் பேக்கப் பத்தி. சந்திப்போம்.